இ.இ.ஜி. எலக்ட்ரோட் இடங்கள்: தோட்டத்தில் நான் பட்ட பாடு

இ.இ.ஜி. என்ற முறையில் மூளை அலைகளைப் பதிவு செய்து ஆராயப் போகிற மாணவர்கள் இப்போது இலங்கையின் மலையகத்திலும் ஒன்றிரண்டு பேராக வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. எனக்கும் இருக்கவில்லை. அந்த அலைகளைப் பிடிக்கும் எலக்ட்ரோட் என்ற சிறு தகட்டைத் தலையில் எங்கே வைத்தோம், அந்த இடத்தைக் கணினிக்கு எப்படிச் சொல்கிறோம் என்ற ஒரேயொரு விஷயத்தில் என் ஆய்வின் பெரும்பகுதி சிக்கிக்கொண்டது. இதைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் அரைப் பக்கம் இருக்கும். அந்த அரைப் பக்கத்துக்கு வெளியே நான் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். கருவியை இரவல் வாங்கி வேலை செய்பவர்கள் முழுவதையும் படித்துவிடுங்கள்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுதான் என் ஊர். அம்மா கொழுந்து எடுப்பவர். மாலையில் மலையிலிருந்து இறங்கி வரும்போது ஒரு கேள்வி கேட்டால் பதில் வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உடம்புக் களைப்பு எல்லோருக்கும் தெரிகிறது, கவனத்துக்கு என்ன ஆகிறது என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆய்வுக்கு வித்து. அதே தோட்டத்துப் பெண்களை வேலைக்கு முன்னும் வேலைக்குப் பின்னும் உட்கார வைத்து இ.இ.ஜி. எடுக்கலாம் என்று திட்டம் போட்டேன். களைப்பு கூடும்போது நெற்றிப் பக்கத்து நடுக்கோட்டில் தீட்டா என்ற மெதுவான அலையும், தலையின் பின்பக்கத்தில் அதைவிடச் சற்று வேகமான ஆல்ஃபா அலையும் மாறும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆக என் கேள்விக்கான பதிலே தலையில் எந்த இடம் என்பதில்தான் இருந்தது.

2023ஆம் ஆண்டு அது. அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனாலோ, கொழுந்து கிலோ குறைந்தாலோ அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். என் ஆய்வுக்காக ஒரு அக்காவுக்கு அரைப்பேர் விழுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒழுக்கவியல் குழுவின் அனுமதியோடு, பதிவுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முழு நாள் சம்பளத்தை என் கையிலிருந்து கொடுப்பதாக முடிவு செய்தேன். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் வரும்.

கருவி கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் இரவலாகக் கிடைத்தது. 32 சேனல் (ஒரு எலக்ட்ரோட்டின் பதிவு ஒரு சேனல்) உள்ள ஒரு தொப்பி, அலையைப் பெருக்கித் தரும் ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு பென் டிரைவ். பென் டிரைவில் எலக்ட்ரோட் இடங்கள் எழுதிய கோப்பு ஒன்றும், பயன்படுத்தும் முறை என்று ஒரு பக்கத் தாளும் இருந்தன. தொப்பியை மாட்டு, மின்சாரம் கடத்தும் ஜெல் போடு, பதிவு செய், ஆய்வு செய்யும்போது இந்தக் கோப்பை ஏற்று. தாளில் இருந்தது அவ்வளவுதான். கொடுத்தவர்கள் நல்ல மனதோடு கொடுத்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கோப்பு முன்பு யாரிடமிருந்தோ வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எலக்ட்ரோட் வைக்கும் முறையை ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். அதைத்தான் 10-20 முறை என்கிறோம். மூக்கு மேட்டுக்கும் நெற்றிக்கும் இடையிலுள்ள பள்ளத்திலிருந்து, பின்மண்டையில் கையால் தடவினால் தட்டுப்படும் எலும்புப் புடைப்பு வரை தலைக்கு மேலாக அளக்க வேண்டும். அந்த நீளத்தை 10, 20, 20, 20, 20, 10 சதவீதமாகப் பிரித்தால் நடுக்கோட்டுப் புள்ளிகள் வரும். நீளம் 36 சென்டிமீற்றர் என்றால் நெற்றிப் புள்ளி 3.6இல், உச்சியிலுள்ள சி-இசட் சரியாக 18இல். காதுக்குக் காது இன்னொரு அளவு எடுத்தால் சி-இசட் அதிலும் நடுவில் விழ வேண்டும். பெயரில் ஒற்றை எண் வந்தால் இடது பக்கம், இரட்டை எண் வந்தால் வலது பக்கம், இசட் வந்தால் நடுக்கோடு. பழைய தாள்களில் டி3, டி4, டி5, டி6 என்று இருப்பவை இப்போதைய பெயரில் டி7, டி8, பி7, பி8. இடம் ஒன்றுதான், பெயர்தான் மாறியது. உங்கள் கோப்பில் பழைய பெயரும் மென்பொருளின் மாதிரிப் பட்டியலில் புதிய பெயரும் இருந்தால் அந்த நான்கு சேனல்களும் இடமில்லாமல் நிற்கலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. பதிவுக் கோப்பு வேறு, இடக் கோப்பு வேறு. உதாரணத்துக்கு, பல கருவிகள் பயன்படுத்தும் ஈ.டி.எஃப். என்ற கோப்பு வடிவம் 1992இல் வந்தது. அதில் ஒவ்வொரு சேனலுக்கும் 16 எழுத்துக்குள் ஒரு பெயர் எழுத இடமுண்டு. அந்த எலக்ட்ரோட் தலையில் எங்கே இருந்தது என்ற ஆயத்தொலைவை எழுத அதில் இடமே இல்லை. என் கருவியோ பெயரைக்கூட எழுதவில்லை, 1 முதல் 32 வரை வெறும் எண்கள்தான். அப்படியென்றால் மூன்றாவது சேனல் எஃப்7 என்பதை மென்பொருளுக்குச் சொல்வது நாம் கொடுக்கிற இடக் கோப்பு மட்டுமே. அது எதைச் சொன்னாலும் மென்பொருள் நம்பும், அழகான வண்ணத்தில் படமும் வரைந்து கொடுக்கும்.

பதிவு எடுத்த நாட்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிதான். தோட்டத்துப் பொது மண்டபத்தில் ஒரு மூலையைப் படங்குத் துணியால் மறைத்து இடம் பிடித்தேன். முதல் நாளே ஒரு அக்கா கேட்டார், “ஏன் புள்ள, என் தலைக்குள்ள என்னத்தப் பார்க்கப் போற? கடன்தான் இருக்கு.” எல்லோரும் சிரித்தோம். ஆனால் தலைக்கு வெளியே இருந்த பிரச்சினைகளே என்னை மலைக்க வைத்தன. நம் பெண்களுக்கு அடர்த்தியான நீள முடி. குளிருக்கும் காற்றுக்கும் தேங்காய் எண்ணெய் வைத்து, இறுக்கிக் கொண்டை போட்டிருப்பார்கள். எண்ணெய் இருக்கும் தலையில் ஜெல் தோலைத் தொடவே தொடாது. தோலுக்கும் எலக்ட்ரோட்டுக்கும் இடையிலுள்ள மின்தடையை, அதாவது இம்பீடன்ஸை, 10 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டு வரச் சொல்கிறார்கள், எனக்கு அதன் பல மடங்கில் நின்றது. கொழுந்துக் கூடை அல்லது சாக்கின் கயிறு வருடக்கணக்காகத் தலையில் அழுத்தும் இடத்தில் தோல் சிலருக்குத் தொட்டாலே நோகும். இம்பீடன்ஸைக் குறைக்க அங்கே குச்சியால் தேய்ப்பது பெரிய வேதனை. இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் இரவு எண்ணெய் வைக்காமல், தலை குளித்து, நன்றாக உலர்த்தி வரச் சொல்லுங்கள். ஈரத் தலையில் ஜெல் பரவி இரண்டு எலக்ட்ரோட்டை ஒன்றாக இணைத்துவிடும். அப்புறம் இரண்டு சேனலிலும் அச்சாக ஒரே அலைதான் வரும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் பக்கம் முடியை உலர்த்துவதே ஒரு வேலை.

கொண்டை இன்னொரு தொல்லை. கொண்டைக்கு மேல் தொப்பியை இழுத்து மாட்டினால் தொப்பி மெல்ல மெல்லப் பின்னால் நழுவும். மாட்டும்போது உச்சியில் இருந்த சி-இசட் பதிவு முடியும்போது விரற்கடை தூரம் பின்னே போயிருக்கும். என்னிடம் இருந்த தாளில் அளவு நாடா என்ற சொல்லே இல்லை. முதல் தொகுதிப் பெண்களுக்குத் தொப்பியை மாட்டியதோடு சரி, சி-இசட் எங்கே விழுந்தது என்று அளந்து எழுதிய குறிப்பு ஒன்றும் கிடையாது. பிற்பாடு முடியை இரண்டாகப் பிரித்துத் தாழப் பின்னி, தொப்பியின் கீழ் விளிம்புக்கு வெளியே விடும் வழி ஒரு அக்கா சொல்லித்தான் வந்தது. சுடுதண்ணியையும் மறந்துவிடாதீர்கள். நம் குளிரில் பீலித் தண்ணீரில் தலையைக் கழுவி ஜெல்லை எடுக்கச் சொல்வது அநியாயம். நான் அடுப்பு, பெரிய கேத்தல், ஷாம்பு, துவாய் எல்லாம் கொண்டு போனேன். அதற்கான செலவையும் உங்கள் பட்ஜெட்டில் போடுங்கள்.

பதிவுகள் முடிந்து ஆய்வுக்கு உட்கார்ந்தேன். இ.இ.ஜி.லேப் என்ற மென்பொருளில் தரவை ஏற்றி, பென் டிரைவில் இருந்த இடக் கோப்பையும் ஏற்றினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் ஆல்ஃபா வித்தியாசத்தைத் தலைப் படமாக வரைந்தபோது வலது காதுப் பக்கம் பளிச்சென்று சிவந்து நின்றது. ஒருவருக்கு அல்ல, கிட்டத்தட்ட எல்லோருக்கும். எனக்கு நெஞ்சு படபடத்தது. களைப்பு மூளையின் வலது பக்கத்தில் தெரிகிறது, இதை யாரும் சொல்லவில்லையே என்று இரவெல்லாம் வாசித்தேன். மேற்பார்வையாளர் சேரும் சந்தோஷப்பட்டார். ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினோம். அம்மாவிடம் விளக்கினேன். அவர் தன் வலது காதுக்கு மேலே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சந்தேகம் கண் சிமிட்டலிலிருந்து வந்தது. இ.இ.ஜி.யில் கண் சிமிட்டினால் நெற்றியிலுள்ள எஃப்.பி.1, எஃப்.பி.2 இரண்டிலும் பெரிய மேடு எழும்பும். அதைப் பிரித்து நீக்க ஐ.சி.ஏ. என்ற முறையைப் பயன்படுத்துகிறோம். பிரிந்து வரும் கூறுகளில் எது மூளை, எது கண், எது தசை என்று ஐசி-லேபல் என்ற கருவி ஏழு வகைகளுக்குள் தரம் பிரித்துச் சொல்லும். என் தரவில் அது கண் என்று ஒன்றையுமே உறுதியாகச் சொல்லவில்லை. இத்தனை பெண்கள் கண்ணே சிமிட்டாமலா உட்கார்ந்திருந்தார்கள்? ஒவ்வொரு கூறாகத் திறந்து பார்த்தபோது, சிமிட்டலின் வடிவம் அப்படியே உள்ள கூறு ஒன்று இடது காதுப் பக்கம் குவிந்து கிடந்தது. மனிதருக்குக் கண் இடது காதில் இல்லை. அந்த நிமிடம் உடம்பு சில்லிட்டது. என் “கண்டுபிடிப்பு” தலையைக் கால் வட்டம் திருப்பிப் போட்டதால் வந்தது.

காரணம் இதுதான். ஆயத்தொலைவு எழுத எல்லோருக்கும் பொதுவான ஒரே வழக்கம் கிடையாது. இ.இ.ஜி.லேப் கணக்கில் எக்ஸ் அச்சு மூக்கை நோக்கிப் போகும், வை அச்சு இடது காதை நோக்கிப் போகும். எம்.என்.இ. போன்ற வேறு பல மென்பொருள்களில் எக்ஸ் வலது காதுக்கும் வை மூக்குக்கும் போகும். இரண்டிலும் இசட் மேல்நோக்கித்தான். எனக்கு வந்த கோப்பு இரண்டாவது வழக்கத்தில் எழுதப்பட்டது. அதை முதல் வழக்கத்தில் வாசித்தால் நெற்றி இடது காதுக்குப் போகும், பின்மண்டை வலது காதுக்கு வரும், வலது காது மூக்குக்கு வரும். கண்ணை மூடினால் பின்மண்டையில் எழும்பும் ஆல்ஃபா, மனித இ.இ.ஜி.யை முதன்முதலில் 1929இல் வெளியிட்ட ஹான்ஸ் பெர்கர் காலத்திலிருந்து தெரிந்த விஷயம், என் படத்தில் வலது காதில் போய் உட்கார்ந்திருந்தது. சரிசெய்வது சுலபம். மூக்கு எந்த அச்சில் இருக்கிறது என்று சொல்ல மென்பொருளிலேயே ஒரு அமைப்பு இருக்கிறது. கையால் மாற்றுவதென்றால் புதிய எக்ஸ் பழைய வை, புதிய வை பழைய எக்ஸின் எதிர்மறை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தலை முழுவதும் ஒரே அளவில் திரும்பியிருந்தால், கெட்டுப்போன சேனலைப் பக்கத்துச் சேனல்களை வைத்து நிரப்பும் கணக்குப் பிழையாகாது, ஏனென்றால் எலக்ட்ரோட்டுகளுக்கு இடையிலுள்ள தூரம் மாறவில்லை. பிழையாவது தலைப் படம், ஐசி-லேபலின் தீர்ப்பு, அலை மூளைக்குள் எங்கிருந்து வருகிறது என்று தேடும் கணக்கு ஆகியவை. அதனால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும், எதைச் செய்யத் தேவையில்லை என்று பிரித்துப் பார்த்தால் பல வாரங்கள் மிச்சமாகும். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லாததால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினேன். பழைய மடிக்கணினியில் ஐ.சி.ஏ. ஓடி முடிய இரவு முழுவதும் பிடிக்கும், நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து.

திருப்பிய பிறகு சிமிட்டல் நெற்றிக்கு வந்தது, ஆல்ஃபா பின்னால் போனது. பிரச்சினை தீர்ந்தது என்று கோயிலில் சூடம் கொளுத்தினேன். உண்மையில் இரண்டாவது பிரச்சினை இன்னும் உள்ளே இருந்தது. அது முதலாவதைவிட ஆபத்தானது, ஏனென்றால் படம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. கண்ணை இடமும் வலமும் அசைத்தால் இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும், அதாவது எஃப்7இலும் எஃப்8இலும், எதிரெதிர்த் திசையில் அலை வர வேண்டும். எனக்கு வந்தது நெற்றி நடுவிலும் எஃப்4இலும். பின்மண்டையின் ஆல்ஃபாவும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தாற்போல் இருந்தது. இடக் கோப்பின் 32 பெயர்களை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினேன். பின்மண்டை எலக்ட்ரோட்டுகளில் ஓ1 இருந்தது. ஓ-இசட் இல்லை, ஓ2 இல்லை. ஆனால் தொப்பியில் இரண்டும் இருந்தன!

யோசித்துப் பார்த்தால் புரியும். தொப்பியில் 32 பதிவு எலக்ட்ரோட்டோடு, கருவிக்கான பொது இணைப்பாகிய கிரவுண்ட் ஒன்று, மற்றவற்றை ஒப்பிட்டு அளக்கும் ரெஃபரன்ஸ் ஒன்று, ஆக மொத்தம் 34 இடங்கள். கோப்பில் முதலில் 34 வரிகள் இருந்திருக்க வேண்டும். கிரவுண்ட் மூன்றாவது வரியிலும், ரெஃபரன்ஸ் அதற்குப் பிறகு பட்டியலின் நடுவிலும் இருந்தன. யாரோ ஒருவர் பதிவில் 32 சேனல்தானே என்று கடைசி இரண்டு வரிகளை வெட்டிவிட்டு எண்ணிக்கையைப் பொருத்தியிருக்கிறார். எண்ணிக்கை பொருந்தியதால் மென்பொருளும் ஏற்றுக்கொண்டது. விளைவு, முதல் இரண்டு சேனல் சரி, அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் ஒரு இடம் தள்ளி, ரெஃபரன்ஸ் வரிக்குப் பிறகு இரண்டு இடம் தள்ளி. சிமிட்டல் சோதனை மட்டும் செய்தால் இது அகப்படவே அகப்படாது, ஏனென்றால் எஃப்.பி.1, எஃப்.பி.2 இரண்டும் சரியாகத்தான் இருந்தன. இந்த வகைப் பிழையில் சேனல்களுக்கு இடையிலுள்ள தூரங்களும் பிழையாகிவிடுவதால் நிரப்பிய சேனல்கள் உட்பட எல்லாமே வீண்.

ஆனாலும் ஊகத்தை வைத்துப் பட்டியலைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. தொப்பியின் கம்பிகள் எந்த வரிசையில் வருகின்றன என்று கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஹட்டன் டவுனில் ரேடியோ, டிவி திருத்தும் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் தொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் மல்டிமீற்றரின் ஒரு முனையை எலக்ட்ரோட்டிலும் மறு முனையைப் பிளக்கின் ஊசியிலும் வைத்து, பீப் சத்தம் வருகிற இடத்தை எனக்குச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எலக்ட்ரோட்டின் வெள்ளிப் பூச்சு சுரண்டப்படாமல் இருக்க, முனையில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சைச் சுற்றச் சொன்னதும் அவர்தான். ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிவிட்டு, தொப்பி யார் தலையிலும் இல்லாத நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். என் ஆய்வின் நன்றிப் பக்கத்தில் அவருக்கு இடம் வைத்திருக்கிறேன். அந்த ஒரு பிற்பகலில் கிடைத்த தாள், பென் டிரைவில் வந்த எல்லாவற்றையும்விட எனக்குப் பெரியது. ஊகம் சரிதான் என்றும் உறுதியானது.

மேற்பார்வையாளரிடம் சொல்லப் போன நாளில் பஸ்ஸில் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. அவர் திட்டவில்லை. சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று மாநாட்டுக்கு எழுதச் சொன்னார். அந்த மின்னஞ்சலை எழுதும்போது கை நடுங்கியது. வரிசையைத் திருத்தியதும் பிற்பகுதிப் பதிவுகள் தப்பின, அலைகள் அப்படியேதான் இருந்தன, பெயர்தான் மாறியிருந்தது. முதல் தொகுதியைத்தான் காப்பாற்ற முடியவில்லை. தொப்பி எவ்வளவு நழுவியது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. நழுவிய தொப்பியில் எஃப்-இசட் என்று எழுதியிருப்பது உண்மையில் எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவற்றைத் தூக்கிப் போட்டோம். மறுபதிவுக்கான சம்பளப் பணம், மீண்டும் வரவழைத்த ஜெல், கருவியை இன்னும் சில மாதம் வைத்திருக்கக் கட்டிய தொகை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கிட்டப் போனது. அதில் பெரும்பகுதி சங்கிலியை அடகு வைத்து எடுத்தது. படிப்பு ஏறக்குறைய ஒரு வருடம் பின்னுக்குப் போனது.

பணத்தைவிட வலித்தது அந்த அக்காமாரிடம் திரும்பப் போனதுதான். “போன தடவை எடுத்தது என்ன ஆச்சு?” என்று கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒருவர் வர மறுத்தார், அது அவர் உரிமை. மற்றவர்கள் வந்தார்கள். தோட்டத்து மக்களின் தலையில் கைவைத்து எடுத்த தரவு வீணாகப் போவது எனக்கு மட்டும் நட்டமில்லை. அவர்கள் நாள் போகிறது, நம்மேல் வைத்த நம்பிக்கையும் போகிறது. மலையகத்தில் அடுத்து ஆய்வு செய்ய வருகிற பிள்ளைக்கும் கதவு சாத்தப்படலாம்.

மறுபதிவில் ஒவ்வொருவருக்கும் ஜெல் போட்டு முடிந்ததும், ஆய்வுப் பகுதி தொடங்குவதற்கு முன்பு, சில நிமிடம் சோதனைப் பதிவு எடுத்தேன். இன்றும் அப்படித்தான். அதைத் தனிக் கோப்பாகவே வைக்கிறேன். முதலில் விரலால் ஒவ்வொரு எலக்ட்ரோட்டையும் பெயரைச் சொல்லிக்கொண்டே மெல்லத் தட்டுவேன். தட்டிய சேனலில் அலை துள்ளும். ரெஃபரன்ஸைத் தட்டினால் எல்லாச் சேனலும் சேர்ந்து துள்ளும், அதை வைத்தே ரெஃபரன்ஸ் எது என்று உறுதி செய்யலாம். அப்புறம் சிமிட்டச் சொல்வேன், எஃப்.பி.1, எஃப்.பி.2. இடது பக்கம் பார்க்கச் சொல்வேன், எஃப்7 நேர்மறையாகவும் எஃப்8 எதிர்மறையாகவும் போக வேண்டும். படம் இடம் வலமாக, கண்ணாடியில் தெரிவது மாதிரி, புரண்டிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சோதனைதான், சிமிட்டலும் ஆல்ஃபாவும் காட்டாது. பல்லைக் கடிக்கச் சொல்வேன், டி7, டி8 பக்கம் தசையின் இரைச்சல் வரும். கடைசியாக அரை நிமிடம் கண் மூடல், ஓ1, ஓ-இசட், ஓ2இல் 8 முதல் 13 ஹேர்ட்ஸ் ஆல்ஃபா. இதெல்லாம் சேர்ந்து ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகாது.

அளவு நாடா இப்போது என் பையிலேயே இருக்கிறது. தலைச் சுற்றளவு, முன்பின் நீளம், காதுக்குக் காது நீளம், சி-இசட் விழுந்த இடம், இவற்றைத் தொடக்கத்தில் எழுதுகிறேன். முடிவில் சி-இசட்டை மறுபடி அளக்கிறேன். முகம் தெரியாமல், சம்மதம் கேட்டு, தொப்பியை நான்கு பக்கமும் கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறேன். நடுவில் எந்த எலக்ட்ரோட்டாவது செத்துப்போய் உபரி எலக்ட்ரோட் ஒன்றை வேறு சேனலில் செருகினால், அதை நேரத்தோடு எழுதாமல் அடுத்த வேலையைத் தொடுவதில்லை.

ஆய்வு செய்யும் கணினியிலும் சில விஷயங்கள். இடக் கோப்பை வரிசை எண்ணை நம்பி ஏற்றாமல் பெயரை வைத்துப் பொருத்துங்கள். பெயருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் உதிரிச் சொற்கள், பின்னால் ஒளிந்திருக்கும் வெற்றிடம், பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் இவற்றால் பொருத்தம் தவறும், முதலில் சுத்தம் செய்யுங்கள். எம்.என்.இ. இடங்களை மீற்றரில் எதிர்பார்க்கிறது, நிறையக் கோப்புகள் மில்லிமீற்றரில் இருக்கும். ரெஃபரன்ஸ் தலையின் மேல் இருந்த எலக்ட்ரோட் என்றால் அதன் இடத்தையும் தனியாகக் குறித்து வையுங்கள். பின்னால் எல்லாச் சேனல்களின் சராசரியையே ரெஃபரன்ஸாக மாற்றும்போது அந்தச் சேனலை மீட்கத் தேவைப்படும். சேனல்களுக்கு இடையிலான ஒட்டுறவையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோட்டுகள் பொதுவாக ஒன்றை ஒன்று ஒத்து அலையும். பட்டியல்படி பக்கத்தில் இருப்பவை ஒட்டாமல், தூரத்தில் இருப்பவை ஒட்டினால் வரிசையில் கோளாறு இருக்கிறது. இரண்டு சேனல் அப்படியே ஒன்றாக இருந்தால் ஜெல் பாலம்.

எல்லாப் பெண்களுக்கும் மாதிரித் தலையின் இடங்களையே போடலாமா, ஒவ்வொருவர் தலையிலும் முப்பரிமாணமாக அளக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயம், 32 சேனலில் ஆல்ஃபா, தீட்டா பார்ப்பதற்கு மாதிரி இடங்கள் போதும், தொப்பி சரியாக உட்கார்ந்திருந்தால். மூளைக்குள் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதென்றால் அளந்த இடங்கள் வேண்டும். அளக்க வசதி இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியை எடுக்காமல் இருப்பதே நேர்மை.

இரவல் கருவி வாங்கும்போது இனி நான் கேட்கிற கேள்விகள் இவை. இந்த இடக் கோப்பை யார் எழுதினார், எந்தத் தொப்பிக்கு? மூக்கு எந்த அச்சில்? அலகு என்ன? கிரவுண்டும் ரெஃபரன்ஸும் எந்த எலக்ட்ரோட், பட்டியலில் அவை இருக்கின்றனவா? கடைசியாகப் பிளக் ஊசியிலிருந்து எலக்ட்ரோட் வரை சோதித்தது எப்போது? பதில் கிடைக்காவிட்டால் மல்டிமீற்றரை எடுத்து நாமே சோதித்துவிட வேண்டியதுதான். மூளைத் தரவைப் பகிர்வதற்கான பிட்ஸ் என்ற ஒழுங்கில், சேனல் பட்டியலுக்கு ஒரு கோப்பு, எலக்ட்ரோட் இடங்களுக்கு ஒரு கோப்பு, எந்த அச்சு எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாக வைக்கச் சொல்கிறார்கள். தரவை யாரோடும் பகிராவிட்டாலும் அந்த மூன்றையும் எழுதி வையுங்கள். கருவியைத் திருப்பிக் கொடுத்தபோது பழைய இடக் கோப்பை நீக்கச் சொல்லி, ரேடியோ கடையில் எழுதிய வரிசையையும் திருத்திய கோப்பையும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன். எனக்குப் பிறகு அதை எடுத்துப் போன மாணவர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். தொப்பி மாற்றியிருக்கிறார்களாம், அந்த வரிசை புதிய தொப்பிக்கும் பொருந்துமா என்று கேட்டார். பொருந்தும் என்று நினைத்துத் தொடங்க வேண்டாம், முதலில் தட்டிப் பாருங்கள் தம்பி என்றேன்.